பன்னிரண்டு டயர்களின் சார்பாக: டிரெய்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, சேலம், தூத்துக்குடி பக்கம் டிரெய்லர் வைத்துத் தொழில் செய்யும் அண்ணன்மார்களுக்கும், கணவருக்குப் பிறகு வண்டிகளைக் கட்டி மேய்க்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். பதினொரு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். முதுகு போன பிறகு பைபாஸ் ஓரத்தில் டயர் கடை போட்டேன். உங்கள் வண்டிகளுக்கு டயர் மாட்டிய காசில்தான் வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன். ஆகவே இதை எதிராளி எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரில் சொன்னால் "சரிங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். அந்த அடுத்த தடவை வரவே மாட்டேன் என்கிறது.

போன சித்திரையில் ஒரு ராத்திரி. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்கி வந்த ஒரு டிரெய்லர், கீழே டீக்கடையில் நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். இறங்கி முகம் கழுவிக்கொண்டு இருந்தவனிடம் யாரோ "தம்பி, பின்னாடி புகையுது" என்றார்கள். ஓடும்போது காற்றடித்ததில் தெரியாத சூடு, நின்றதும் தீயாகப் பிடித்துக்கொண்டது. கடைசி அச்சின் இடது பக்கம். டீக்கடைத் தண்ணீர் டிரம் இரண்டும் காலியானது. லோடு தப்பித்தது. டயர் நான்கு போனது. மறுநாள் வண்டி என் கடைக்கு வந்தது. கூடவே, அந்த நான்கு டயர் காசையும் டிரைவர் பேட்டாவில் பிடிக்கப் போவதாகச் செய்தியும் வந்தது.

கழற்றிப் பார்த்தேன். வெந்துபோன ஜோடியில் வெளி டயர் ரேடியல் (எஃகுக் கம்பி வைத்தது), ரீட்ரெடிங் (தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டை ஒட்டுவது) போட்டு வந்தது. உள் டயர் நைலான் (நைலான் நூல் வைத்த பழைய வகை), பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல் ரப்பர், ஏறக்குறைய மொட்டை. இரண்டுக்கும் உயரத்தில் ஒரு விரல் கனம் வித்தியாசம். உள் டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ரொம்ப தூரம் காற்றில்லாமலே உருண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பையன் இதில் என்ன தப்புச் செய்தான்? அந்த ஜோடியைச் சேர்த்து வைத்தது அவன் இல்லை.

இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். டிரெய்லருக்கு டயர் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது மிஞ்சியதை வாங்கிக்கொள்கிறது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது டயர் வாங்கினால் முன்னால் மாட்டுவோம். பட்டன் பாதி தேய்ந்ததும் புல்லரின் (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி) ஹவுசிங்குக்கு, அதாவது இன்ஜின் சுற்றும் பின் அச்சுக்குத் தள்ளுவோம். அங்கே தேய்ந்ததும் ரீட்ரெடிங். திரும்பி வந்ததும் டிரெய்லர். அங்கேயும் மொட்டையானால் இன்னொரு ரீட்ரெடிங், மறுபடியும் டிரெய்லர். டயருக்கு டிரெய்லர்தான் முதியோர் இல்லம்.

இந்த வரிசையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ரீட்ரெடிங் டயரை டிரெய்லரில் ஓட்டுவது அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகள் செய்கிற காரியம்தான். ஒரு நல்ல ரேடியலின் விலை 20,000 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், உறை, அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடம்பு, நன்றாக இருக்கிற டயரைத் தூக்கிப் போடச் சொல்வது கிறுக்குத்தனம். ஆனால் அவர்கள் உறையைச் சோதித்து, எந்த அச்சுக்கு என்று முடிவு செய்து, ஜோடி பார்த்து மாட்டுகிறார்கள். நாம் கிடங்கில் கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதை மாட்டுகிறோம்.

"டிரெய்லர் டயர் சும்மா உருளுவதுதானே, அதுக்கு எதற்கு நல்ல டயர்" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவரைக் கையோடு கூட்டிப்போய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் யார்டில் நிற்க வைத்தேன். மூன்று அச்சு டிரெய்லர் ஒன்று லோடோடு வளைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. நீங்களும் ஒரு நாள் குனிந்து பாருங்கள். நடு அச்சு நின்ற இடத்தில் திரும்பும். முதல் அச்சின் டயர்கள் ஒரு பக்கமாக இழுபடும், கடைசி அச்சின் டயர்கள் எதிர்ப்பக்கமாக இழுபடும். பக்கச் சுவர் பலூன் மாதிரிச் சாய்ந்து, ரிம்மை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரித் தெரியும். தரையில் கறுப்பு வளையம் விழும். அது உங்கள் டயரின் ரப்பர். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் நடுவே ஓடும் வண்டி இதை ஒரு நாளில் எத்தனை முறை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். முன் டயர் தன் வாழ்நாளில் பார்க்காத வதை இது. இரண்டு முறை ரீட்ரெடிங் ஆன, எட்டு ஒன்பது வருடப் பழைய உறையை நாம் இந்த இடத்தில்தான் கொண்டுபோய் மாட்டுகிறோம்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் ஆறு டயர் மாற்றினார்.

சரி, டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கேட்பது அளவும் விலையும் மட்டும்தான். "பத்து இருபது ரேடியல் என்ன விலை?" அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 146/143 என்பது போல இரண்டு எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். டயரில் நான் முதலில் படிப்பது அதைத்தான். முதல் எண், டயர் ஒற்றையாக நிற்கும்போது தாங்கும் எடைக்கான குறி. இரண்டாவது, ஜோடியாக நிற்கும்போது ஒவ்வொன்றும் தாங்குவது. 146 என்றால் 3000 கிலோ. 143 என்றால் 2725 கிலோ. எழுத்து வேகத்துக்கு: ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், கே என்றால் 110. உற்பத்தியாளர் சொல்லும் முழுக் காற்று இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இப்போது 2018 ஜூலை 16ஆம் தேதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மத்திய அரசு அச்சுக்கான எடை வரம்பை உயர்த்திய நாள். நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். முன் அச்சு 6 டன்னிலிருந்து 7 டன் ஆனது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சு 10.2லிருந்து 11.5 ஆனது. இரட்டை அச்சு 19லிருந்து 21, மூன்று அச்சு 24லிருந்து 27. மூன்று அச்சுப் புல்லரும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்தால் 22 டயரில் 55 டன்.

பழைய வரம்பில் முன் அச்சு 6 டன், டயர் இரண்டு, ஆளுக்கு 3000 கிலோ. 146 குறி போட்ட டயர் அதற்கு அளந்து தைத்த சட்டை. 7 டன் ஆனதும் ஆளுக்கு 3500 கிலோ தாங்க வேண்டும். 146 பத்தாது. 151 கூட 3450 கிலோதான், அதுவும் பத்தாது. முன் அச்சில் முழு 7 டன் ஏற்றுகிறவருக்குக் குறைந்தது 152 வேண்டும், அது 3550 கிலோ. ஒற்றை ஹவுசிங் புல்லரில் 11.5 டன்னை நான்கால் வகுத்தால் 2875. ஜோடிக் குறி 143 உள்ள டயர் இங்கேயும் பத்தாது, 145 வேண்டும். இரட்டை ஹவுசிங் என்றால் 21 டன்னுக்கு எட்டு டயர், ஆளுக்கு 2625 கிலோ. 143 தாராளமாகப் போதும். ஒரே கம்பெனியில் இரண்டு விதப் புல்லரும் ஓடும்போது, இரண்டுக்கும் ஒரே டயரை மொத்தமாக வாங்கி அடுக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று இதிலிருந்தே தெரியும். எடை வரம்பைக் கூட்டிய அரசாணையை நாம் படித்தோம், டயரின் பக்கச் சுவரைப் படிக்கவில்லை.

டிரெய்லருக்கு வருவோம். 27 டன்னைப் பன்னிரண்டால் வகுத்தால் 2250 கிலோ. "பாருங்க, டிரெய்லருக்குத்தான் வெயிட் கம்மி" என்று யாராவது சொல்வீர்கள். காகிதத்தில் கம்மிதான். ஆனால் உள் டயர் ஒன்று காற்றிழந்துவிட்டால், அதன் ஜோடி 4500 கிலோவைச் சுமக்கும். முன் டயரில் காற்றுப் போனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், டிரைவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். நாற்பது அடிக்குப் பின்னால் பன்னிரண்டில் ஒன்று போனால் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் முந்திச் செல்கிற பஸ்காரன் கையை ஆட்டினால்தான் உண்டு.

இன்னொன்று. இருபது அடி கன்டெய்னரில் கிரானைட் மாதிரிக் கனச் சரக்கை ஏற்றி, நாற்பது அடி டிரெய்லரின் பின்கோடியில் பூட்டுகிறீர்கள். இறக்குவதற்கு வசதி, எனக்கும் தெரியும். கன்டெய்னரோடு சேர்த்து முப்பது டன் வரும் சுமையில் பெரும்பங்கு அப்போது பின் அச்சுகளின் தலையில்தான். மொத்த எடைச் சீட்டு சரியாகவே இருக்கும். அந்தப் பன்னிரண்டு டயரின் கணக்கு மட்டும் இடிக்கும். நடுவில் பூட்டு உள்ள டிரெய்லர் இருந்தால் அதை அனுப்புங்கள்.

பட்டன் வகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹவுசிங் டயர்தான் தரையைப் பிடித்துத் தள்ளுகிறது, அதற்குக் கட்டைப் பட்டன் சரி. டிரெய்லர் டயர் எதையும் இழுப்பதில்லை. உருள்கிறது, பிரேக் பிடிக்கிறது, வளைவில் தேய்கிறது. அதற்கு நீளக் கோடு போட்ட ரிப் டயர்தான் ஏற்றது. ஆழமான கட்டைப் பட்டனை டிரெய்லரில் போட்டால் ஒவ்வொரு பட்டனும் வளைந்து நெளிந்து சூடாகும், மேடு பள்ளமாகத் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். கல் குவாரிக்குள் போகிற வண்டி மட்டும் விதிவிலக்கு. அதற்கு வெட்டுத் தாங்கும் கலவை என்று கேட்டு வாங்குங்கள். ரீட்ரெடிங் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள். டிரெய்லருக்குப் போகப் போகிறது என்று சொன்னால் அதற்கேற்ற பட்டை போடுவார்கள். சொல்லாவிட்டால் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான்.

அப்புறம் ஜோடி. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், ஒரே டிரம்மில் சேர்ந்து சுற்றப்போகிற இரண்டு டயருக்கு ஒரு பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை. இரண்டும் ரேடியலாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் நைலானாக இருக்க வேண்டும். விட்டத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும்: டயரைச் சுற்றி அளந்தால் இரண்டுக்கும் நடுவே 19 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உயரமான டயர் சுமையைத் தூக்கிக்கொள்ளும், குட்டையானது தரையில் உரசியபடி இழுபடும். ஒன்று சூட்டில் சாகும், இன்னொன்று தேய்ந்து சாகும். என் கடையில் இப்போது நாடா இல்லாமல் ஜோடி மாட்டுவதில்லை என்று வைத்துவிட்டேன். அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

காற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். நம் டிரைவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் காற்றுச் சொல்வதில் பெருமைப்படுவார்கள். நானும் பெருமைப்பட்டவன்தான். கடை வைத்த பிறகு ஒரு நாள் வேடிக்கைக்காக, இருபது வருட அனுபவமுள்ள டிரைவர் ஒருவர் முன்னால் இரண்டு டயரை வைத்தேன். ஒன்றில் 115 பவுண்டு, இன்னொன்றில் 85. தட்டிவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். மொத்தமாகக் காலியான டயரைத்தான் சுத்தியல் காட்டிக்கொடுக்கும். காற்றுக் குறைந்த டயரைக் காட்டிக்கொடுக்க, அழுத்தம் அளக்கும் கேஜால் மட்டுமே முடியும். வண்டிக்கு ஒரு கேஜ் வாங்கிக் கொடுங்கள். ஒரு ட்ரிப் டோல் காசுக்குக்கூடப் பக்கத்தில் வராது.

பார்ப்பது எப்போது என்பதும் முக்கியம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஆந்திரா வெயிலில் மதியம் நிறுத்தி, "காத்து ஏறிப் போச்சு" என்று வால்வை அழுத்தி இறக்குகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அது கணக்கில் சேர்ந்ததுதான். அப்போது இறக்கிவிட்டால், ராத்திரி டயர் குளிர்ந்ததும் பத்து இருபது பவுண்டு குறைந்து நிற்கும். மறுநாள் குறைந்த காற்றிலேயே கூடுதலாகச் சூடேறும், மறுபடி இறக்குவார்கள். கோடையில் சாலையோரம் கிடக்கும் டயர்த் தோல்களில் நிறைய இப்படிக் கிளம்பியவைதான்.

இருக்க வேண்டிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 120 வேண்டிய டயர் 96க்குக் கீழே ஓடியிருந்தால், காற்றை நிரப்பிவிட்டு அனுப்பக் கூடாது. கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். ரேடியலின் பக்கச் சுவரில் இருக்கும் எஃகுக் கம்பிகள் வளைந்து வளைந்து ஒடிந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. காற்று ஏற்றும்போது ஜிப் திறந்த மாதிரி ஒரே வரிசையாகக் கிழியும். பக்கத்தில் நிற்கிற ஆள் பிழைப்பது கஷ்டம். டயரைப் பிடித்து நிறுத்த லாக் ரிங் என்ற இரும்பு வளையம் வைத்த டிஸ்க்கில் (ரிம்) அந்த ரிங் தெறிக்கிற ஆபத்தும் சேர்கிறது. என் தொழில் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு பக்கத் தாடை இல்லாமல் வாழ்கிறார். கூண்டில் வைத்துக் காற்று ஏற்றுவதற்கு நான் நேரம் எடுத்துக்கொண்டால், ஹாரன் அடித்து அவசரப்படுத்தாதீர்கள். டியூப்லெஸ் டயருக்கு ஒரே துண்டு ரிம், அதில் லாக் ரிங் இல்லை. புது டிரெய்லர் வாங்கும்போது அதையும் யோசிக்கலாம்.

யார்டில் மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லர்கள் தனிக் கதை. ஒரு புல்லருக்கு இரண்டு மூன்று டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டீர்கள். புல்லருக்கு ஒரு டிரைவர் இருக்கிறார், அதன் டயர் அவருக்குப் பழக்கம். டிரெய்லருக்கு யாரும் இல்லை. இன்று பூட்டியதை நாளை கழற்றிவிட்டுப் போய்விடுவார். வெயிலில் ஒரே இடத்தில் நின்ற டயரின் பக்கச் சுவரில் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு விழுந்திருக்கும், பட்டன் மட்டும் பளபளவென்று இருக்கும். பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35வது வாரத்தில் செய்தது. பழைய உறை வாங்கும்போதும் அதைப் படியுங்கள். ரீட்ரெடிங் ஆன தேதியை வயதாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. முடி சாயம் அடித்தால் வயது குறையுமா?

இதற்கு நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். எந்த இடத்தில் எந்த டயர், எப்போது செய்தது, எத்தனையாவது ரீட்ரெடிங், என்றைக்கு எவ்வளவு காற்று. பூட்டுகிற டிரைவர் புல்லரோடு பூட்டும்போதே அதில் கையெழுத்துப் போடட்டும். குறை கண்டால் "இந்த டயரில் எடுக்கமாட்டேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை கொடுங்கள். அப்படிச் சொன்ன டிரைவரை அடுத்த ட்ரிப் கொடுக்காமல் சும்மா உட்கார வைக்காதீர்கள். நோட்டு இல்லாத வண்டியில் டயர் வெடித்தால், பேட்டாவில் பிடிக்க உங்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது? இது என் கோரிக்கைகளில் முதலாவது. மற்றதை எல்லாம் நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்தத் தொப்பூர்ப் பையனுக்குப் பிடித்த காசு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். வாசலில் உங்களில் யாருடைய டிரெய்லராவது ஒன்றை நிறுத்தி வையுங்கள், முதல் நாள் ராத்திரியே கொண்டுவந்து நிறுத்தினால் டயர் குளிர்ந்திருக்கும். நாடா, கேஜ், டார்ச் மூன்றும் நான் கொண்டு வருகிறேன். பன்னிரண்டு டயரையும் உங்கள் கண் முன்னாலேயே அளந்து பலகையில் எழுதுகிறேன். யாருடைய வண்டி என்று எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
பைபாஸ் ஓரத்து டயர் கடைக்காரன்

பி.கு.: ஸ்டெப்னியையும் அன்றைக்கே பார்த்துவிடுவோம். போன மாதம் மூன்று வண்டிகளில் பார்த்தேன். இரண்டில் காற்று இல்லை, ஒன்றில் டிஸ்க் மட்டும்தான் இருந்தது.